கம்பளத்தில் ஒட்டிய சூயிங் கம்: உறைய வைக்கும் ஸ்ப்ரேயா, ஆரஞ்சு ஜெல்லா?

அலுவலகக் கம்பளத்தில் ஒட்டிய சூயிங் கம்மை எடுக்க முக்கியமாக இரண்டு வகைச் சரக்கு உண்டு. பட்ட இடத்தை உறைய வைக்கும் ஸ்ப்ரே டின் ஒன்று. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த ஜெல் இன்னொன்று. இரண்டையும் விற்பவர்கள் ‘இது ஒன்றே போதும்’ என்பார்கள். போதாது. நம்மூர் சிங்கப்பூர் அலுவலகங்களில் அதிகம் விரித்திருப்பது நைலான் லூப் கார்ப்பெட் டைல், அதாவது இழைகள் வெட்டப்படாமல் வளையமாக நிற்கும் சதுரத் துண்டுக் கம்பளம். அதற்கு முதலில் ஸ்ப்ரே, மிச்சத்துக்கு மட்டும் ஜெல், ஜெல் பட்ட இடத்தைக் கட்டாயம் அலச வேண்டும். இந்த அலசலைப் பற்றி டின்னிலும் பாட்டிலிலும் யாரும் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை. கம்பளம் பிழைப்பதும் கெடுவதும் அங்கேதான்.

‘சிங்கப்பூரில் ஏது கம்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1992 ஜனவரியில் வந்த தடை இறக்குமதிக்கும் விற்பனைக்கும்தான், மெல்லுவதற்கு அல்ல. பெருவிரைவு ரயில் கதவுகளின் உணர்கருவிகளில் கம்மை ஒட்டிவைத்துக் கதவு மூடாமல் செய்தது அந்தத் தடைக்கு வழிவிட்ட காரணங்களில் ஒன்று. 2004 முதல் பல் நலத்துக்கும் புகைப்பழக்கத்தை விடுவதற்குமான கம் மருந்தாளரிடமும் பல் மருத்துவரிடமும் கிடைக்கிறது. மலேசியாவிலிருந்து கடற்பாலம் தாண்டிச் சட்டைப்பையில் வருவதும் உண்டு, வரக்கூடாதுதான். மாநாட்டு மண்டபங்கள், ஹோட்டல் விருந்துக்கூடங்கள், வெளிநாட்டு விருந்தினர் வந்துபோகும் அலுவலகங்கள் ஆகியவற்றில்தான் இது அதிகம் சிக்கும். அரிதாக வருவதால் நம் துப்புரவு ஆட்களுக்குக் கை பழகியிருக்காது, அலமாரியில் தகுந்த மருந்தும் இருக்காது. அந்த அவசரத்தில் தின்னரோ வெந்நீரோ ஊற்றப்படுகிறது.

முதலில் அது கம்தானா என்று பார்க்க வேண்டும். கண்காட்சிக் கூடங்களில் ‘கம்’ என்று குறித்து வைக்கப்படும் கறுப்புப் புள்ளிகளில் பல, இரட்டைப்பக்க டேப்பின் பசைதான். சில, காலில் மிதிபட்ட மிட்டாய். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கரைந்து பிசுபிசுப்பு துணிக்கு வந்தால் அது சர்க்கரை. தண்ணீரே போதும், எந்த மருந்தும் வாங்க வேண்டாம். விரலால் தொட்டு இழுக்கும்போது நூல் நூலாக மெல்லியதாக வந்தால் டேப் பசை. அதற்கு ஜெல்தான், உறைய வைத்துப் பெரிய பயன் இல்லை. மெழுகுவர்த்தி மெழுகு என்றால் வழியே வேறு: உறிஞ்சும் தாளை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓட்டி உருக்கி எடுப்பார்கள். அந்தச் சூட்டைக் கம்மின்மேல் காட்டினால் அது இழைகளுக்குள் ஆழமாக இறங்கிவிடும். தண்ணீரில் கரையாமல், தடித்து, ரப்பராக எழும்பி நிற்பதுதான் கம்.

கம்மின் சர்க்கரையும் மணமும் வாயிலேயே கரைந்து போய்விடுகின்றன. தரையில் விழுவது அதன் அடிப்பொருள்: பாலிஐசோபியூட்டிலீன், பியூட்டைல் ரப்பர், பாலிவினைல் அசிடேட், மெழுகு, பிசின், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி. இவற்றில் எதுவும் தண்ணீரில் கரையாது. ஷாம்பூ போட்டு எத்தனை தேய்த்தாலும் போகாததற்கு இதுதான் காரணம். போதுமான அளவு குளிர வைத்தால் இந்தக் கலவை இளக்கம் இழந்து கடலை மிட்டாய் மாதிரி நொறுங்கும். எண்ணெய்த்தன்மை உள்ள கரைப்பான் பட்டால் இளகிக் கரையும். ஸ்ப்ரே முதல் குணத்தை நம்புகிறது, ஜெல் இரண்டாவதை.

வீட்டுக் குறிப்புகளில் வரும் ஐஸ் கட்டி முறையை இங்கேயே முடித்துவிடலாம். பைக்குள் போட்டு வைத்த ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. கம்மிலுள்ள ரப்பர் பகுதி அந்தக் குளிரிலும் வளையும். அன்று விழுந்து மேலாக உட்கார்ந்திருக்கும் ஒற்றைக் கம்முக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துப் பார்க்கலாம். மிதிபட்டுப் படிந்ததற்கு அது நேர விரயம்.

இனி ஸ்ப்ரே. டின்னில் மைனஸ் 40, மைனஸ் 50 டிகிரி என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது திரவம் ஆவியாகும் முனையில் கிடைக்கும் குளிர். கம்பள இழை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் கம்மின் அடிப்பகுதிக்கு அந்தக் குளிர் போய்ச் சேர நேரம் பிடிக்கும். 50 காசு நாணயம் அளவுள்ள கம்முக்குக் குழாய் முனையை மூன்று முதல் ஐந்து செ.மீ. தூரத்தில் வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுற்றியபடி பத்துப் பதினைந்து விநாடி அடிக்க வேண்டும். மேலே வெள்ளை படர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்த வெள்ளை காற்றிலிருந்து வந்த பனி, கம் உறைந்ததற்கான அடையாளம் அல்ல. கரண்டியின் பின்புறத்தால் லேசாகத் தட்டுங்கள். ‘டக்’ என்று கெட்டியான சத்தம் வந்தால் தயார். மந்தமாக இருந்தால் இன்னும் ஐந்து விநாடி.

உறைந்ததும் சுரண்டக் கூடாது, முதலில் உடைக்க வேண்டும். கரண்டியின் பின்புறத்தாலோ முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலோ மேலிருந்து செங்குத்தாகத் தட்டித் துண்டுகளாக்குங்கள். பிறகு லூப் வரிசை ஓடும் திசையிலேயே, குறுக்கே போகாமல், தூக்கி எடுங்கள். வரிசை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாவிட்டால் டைலைக் கிளப்பிப் பின்னால் அச்சிட்டிருக்கும் அம்புக்குறியைப் பாருங்கள். பாதி உறைந்த கம்மை நெம்பினால் அது லூப்பையும் சேர்த்துக் கொண்டு வரும். ஒரு லூப் எழும்பி நின்றால் இழுக்காமல் கத்தரிக்கோலால் மட்டமாக வெட்டிவிட வேண்டும். இழுத்தால் அந்த வரிசை முழுக்கப் பிரிந்துகொண்டே போகும். கம் கறையைச் சகித்துக்கொள்ளலாம், வரிசை பிரிந்த டைலை மாற்றத்தான் வேண்டும்.

உடைந்த துண்டுகள் ஒரு நிமிடத்துக்குள் மறுபடியும் ஒட்டத் தொடங்கும். அதனால் வேக்குவத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதற்கு முன் டின்னைத் திருப்பித் தீச்சுவாலைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான டின்களில் உந்துவாயுவாக பியூட்டேன், புரோபேன், டைமெத்தில் ஈதர் போன்றவை இருக்கும். மூன்றும் தீப்பற்றும், மூன்றும் காற்றைவிடக் கனமானவை என்பதால் தரையோடு தங்கி நிற்கும். அந்த வாயுவை வேக்குவம் மோட்டாருக்குள் இழுப்பது ஆபத்து. அந்த வகை டின் என்றால் துண்டுகளைத் தூரிகையால் முறத்தில் அள்ளுங்கள், வேக்குவம் பிறகு வரட்டும். தீப்பற்றாத வகைக்கு விலை கூடுதல். பணி அலுவலகத்துக்குள் என்றால் அதையே வாங்குவது நல்லது. எந்த வகையானாலும் வேக்குவத்தில் சுழலும் பிரஷ் தலையை மாட்ட வேண்டாம், குறுகிய முனையைப் போடுங்கள். பிரஷ்ஷில் ஒட்டிய கம் அடுத்த பத்து மீட்டருக்குக் கம்பளம் முழுக்கப் பூசப்படும்.

எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர்கள் கெட்டுப்போன பாகத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் குளிர் ஸ்ப்ரேயும் இதே வேலையைச் செய்யும், எச்சமும் விடாது. விளையாட்டு வீரர்களின் தசை வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். பலவற்றில் மெந்தாலும் வாசனையும் கலந்திருக்கும், அது கம்பளத்தில் தங்கும். கணினித் தூசி ஊதும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பது பலருக்கும் தெரிந்த குறுக்குவழி. குளிர வைக்கும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தீப்பற்றும் வாயுக்கள், அப்படித் திரவமாகப் பீய்ச்சுவதற்காகச் செய்தவையும் அல்ல. கம்முக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை நேராகத்தான் பிடிக்க வேண்டும். சாய்த்தால் வாயு மட்டும் வீணாகப் போய், பாதித் திரவம் டின்னிலேயே தங்கிவிடும். ஒரு டின்னில் எத்தனை புள்ளி எடுக்கலாம் என்று விற்பவர் சொல்லும் கணக்கைப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, வெளிநாட்டு விளக்கக் குறிப்புகளில் இது வராது. துப்புரவு வேலை நடப்பது அலுவலகம் மூடிய பிறகு. அப்போது மைய ஏர்கான் நின்றிருக்கும், ஓரிரு மணி நேரத்தில் ஈரப்பதம் ஏறிவிடும். 25 டிகிரி, 65 விழுக்காடு ஈரப்பதம் என்ற வசதியான நிலையிலேயே 18 டிகிரிக்குக் கீழே எந்தப் பரப்பும் வியர்க்கும். ஏர்கான் நின்ற கூடத்தில் அதைவிட அதிகம். கம்மின்மேல் பனி தடித்துப் படியும், அந்தப் பனி உருகும்போது கம்மும் சேர்ந்து இளகும், சுற்றியுள்ள இழை நனைந்து துண்டுகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மாலையில் ஏர்கான் நிற்பதற்கு முன்னரே உறைய வைக்கும் வேலையை முடித்துவிடுங்கள். முடியாது என்றால் கட்டட நிர்வாகத்திடம் கூடுதல் நேர ஏர்கான் கேளுங்கள். கட்டணம் வரும்தான், இருந்தாலும் ஒரே புள்ளியை மூன்று முறை உறைய வைக்கும் டின் செலவையும் ஆள் கூலியையும் சேர்த்துப் பாருங்கள்.

புதுக் கம் ஸ்ப்ரேயிலேயே முழுக்கப் போய்விடும். பல வாரம் மிதிபட்டுக் கறுத்துத் தட்டையான கம்மில் மேல்படலம் போன பிறகும் இழைகளின் இடுக்கில் ஒரு நிழல் நிற்கும். ஜெல்லுக்கு வேலை அங்கே.

ஜெல்லின் சாரம் லிமொனீன், ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய். கம்மின் ரப்பரைக் கரைப்பதில் இதற்கு நல்ல கைவரிசை. இதையே தண்ணீர்போல் ஓடும் திரவமாகவும் விற்கிறார்கள். கம்பளத்துக்கு அதை வாங்காதீர்கள். திரவம் இழை வழியே இறங்கி அடிப்பாகத்தை எட்டும். தார் போன்ற பிட்டுமென் அடிப்பாகம் உள்ள டைல் என்றால் அதைக் கரைத்து, பழுப்புக் கறையாக மேலே ஏறி வரும். அந்தக் கறையை எடுக்க வழியே இல்லை. பிவிசி அடிப்பாகம் உப்பி விளிம்பு தூக்கும். சுவரோடு சுவராக ஒட்டிய நீளக் கம்பளத்தில் இழையைப் பிடித்து வைத்திருக்கும் லேடெக்ஸ் பசையின் பிணைப்பு விட்டுப்போகும். ஜெல் நின்ற இடத்தில் நிற்கும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு நியாயம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, பாதுகாப்புத் தரவுத் தாள் (SDS), அதாவது சரக்கில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று தயாரிப்பாளர் தரும் தாள். பதினாறு பகுதிகளில் மூன்றாவதில் சேர்மானமும் ஒன்பதாவதில் தீப்பற்று வெப்பநிலையும் (flash point) இருக்கும். லிமொனீனின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 48 டிகிரி. வெறும் லிமொனீன் என்று தாள் சொல்லிவிட்டு 100-க்கு மேல் போட்டிருந்தால் எங்கோ தப்பு. கட்டட நிர்வாகங்கள் இந்தத் தாளைக் கேட்பது வழக்கம். ‘அப்புறம் அனுப்புகிறோம்’ என்னும் கடையில் வாங்க வேண்டாம். இரண்டு, அலசினால் போகுமா என்பது. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சில சொட்டு ஜெல்லை விட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால் நிறமானால் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் குழம்பாக்கி சேர்த்திருக்கிறார்கள், அலசிவிடலாம். எண்ணெய்யாக மேலே மிதந்தால் அலசியும் போகாது, கம்பளத்துக்கு அது ஆகாது. ஒரு நிமிடச் சோதனை, லேபிளில் உள்ள அத்தனை வாக்கியத்தையும்விட நம்பகமானது.

போடும் முறை. முதலில் அலமாரிக்குக் கீழே மறைவான இடத்தில் ஒரு துளி வைத்து, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நாணய அளவு நிழலுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஸ்கிரேப்பர் நுனியில் எடுத்துக் கம்மின்மேல் மட்டும் தடவி மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். காய்ந்தால் கரைந்த கம் இன்னும் அகலமாகப் படியும். பிறகு மழுங்கிய ஸ்கிரேப்பரால் வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் திரட்டி எடுத்து, வெள்ளைத் துணியால் ஒற்ற வேண்டும். தேய்த்தால் லூப் பிசிறு கிளம்பி, கறை போனாலும் அந்த இடம் மங்கலாகத் தெரியும். துணியை ஒவ்வொரு ஒற்றலுக்கும் திருப்புங்கள். நிழல் மிஞ்சினால் இரண்டாம் சுற்று. மூன்றாவது சுற்றுக்குப் போகாதீர்கள், அதற்குள் அடிப்பாகம் போதிய அளவு கரைப்பானைக் குடித்திருக்கும்.

அடுத்து அலசல். அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக் கம்பளச் சோப்புத் திரவத்தை லேபிள் சொல்லும் அளவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, ஒரு புள்ளிக்கு 100 மி.லி. அளவில் தெளித்து, கையடக்க உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்துவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் இன்னொரு முறை. கொதிநீர் கூடாது. லிமொனீன் ஆவி கிளம்பும், மிச்சக் கம் இளகும், கம்பளி என்றால் சுருங்கவும் செய்யும். இயந்திரம் இல்லாவிட்டால் மடித்த வெள்ளைத் துண்டை வைத்து மேலே கனமான ஏதாவதொன்றை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் துண்டில் மஞ்சள் படிந்திருந்தால் எச்சம் இன்னும் உண்டு என்று பொருள், மறுபடி அலசுங்கள். மின்விசிறியைத் தரையோடு வைத்து அன்றே காய வைக்க வேண்டும். நம் ஈரப்பதத்தில் ஒன்றிரண்டு நாள் ஈரமாகக் கிடந்தால் முடை நாற்றம் தொடங்கிவிடும்.

அலசாமல் விட்டால் என்ன ஆகும்? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பளிச்சென்று இருக்கும், படம் எடுத்து அனுப்பிப் பணம் வாங்கிவிடலாம். எண்ணெய் எச்சத்தில் செருப்புத் தூசி ஒட்டி, சில வாரத்தில் கம் இருந்த இடத்தைவிடப் பெரிய வட்டமாகக் கறுக்கும். ‘ஜெல் சரியில்லை, கறை திரும்பி வந்துவிட்டது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகை. கம் திரும்பி வரவில்லை, அது புது அழுக்கு. வீட்டில் கிடக்கும் துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் கடலை வெண்ணெய்யும் கம்மை இளக்கும் என்பது உண்மைதான். அவற்றைத் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்: அவை விடும் எண்ணெய் இதைவிட அதிகம், அலசுவது இதைவிடக் கடினம்.

ஜெல்லின் மணம் பாட்டிலைத் திறந்ததும் நன்றாகத்தான் இருக்கும். மூடிய அலுவலகத்தில் ஏர்கான் திரும்ப இழுக்கும் காற்றோடு மாடி முழுக்கப் பரவினால் தலைவலிப் புகார் வரும். ஆட்கள் போன பிறகு, ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. நைட்ரைல் கையுறை போடுங்கள். திறந்து பல மாதமான லிமொனீன் காற்றுப்பட்டு மாறித் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும், அதனால் பெரிய கேன் வாங்கிச் சேமிப்பது லாபமில்லை. ஸ்ப்ரே டின்னுக்கு வேறு கவலை: 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய வேனின் பின்பக்கம் அந்த எல்லையை எளிதில் நெருங்கும்.

நடைபாதைக் கம்மை எடுக்கும் நீராவி இயந்திரத்தைக் கம்பளத்துக்கும் பயன்படுத்தலாம் என்று சிலர் விற்கிறார்கள். கல்லுக்கும் டைல்ஸுக்கும் அது அருமையான சாதனம். கம்பளத்தில் சூட்டால் இளகிய கம் கீழே இறங்கும், பாலிப்ரோப்பிலீன் இழை 160 டிகிரி சுற்றளவில் உருகியே போகும். வேண்டாம்.

ஹோட்டல்களின் கம்பளி கலந்த வெட்டு இழைக் கம்பளத்தில் ஒரு வசதி உண்டு. உறைய வைத்து எடுத்த பிறகு நுனியில் மட்டும் கறை மிஞ்சினால், வளைந்த கத்தரிக்கோலால் ஒரு மில்லிமீட்டர் சீவிவிடலாம், யாருக்கும் தெரியாது. லூப்பில் இதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

50-க்கு 50 செ.மீ. டைல் விரித்த இடங்களில் இன்னொரு வழி இருக்கிறது, அது எந்த டின்னையும்விட மேல். கம் பட்ட டைலைக் கிளப்பி, அலமாரிக்குக் கீழேயோ சேமிப்பறையிலோ உள்ள டைலை அங்கே மாற்றிப் போடுங்கள், அம்புத் திசை பார்த்து. கம் டைலைப் பின்னறையில் மேசைமேல் வைத்து நிதானமாக உறைய வைத்து, ஜெல் போட்டு, அலசி, நிமிர்த்தி வைத்துக் காயப் போடலாம். கூடத்தில் மணமில்லை, அவசரமில்லை, தரைப்பசைக்குக் கரைப்பான் போய்ச் சேரும் பயமும் இல்லை. பல வருடம் மிதிபட்ட இடத்தில் புது டைல் நிறம் தனித்துத் தெரியும் என்பதால், பெட்டியிலிருந்து புதிதை எடுக்காமல் அதே வயதுள்ள டைலையே மாற்றுவது நல்லது.

நீங்களே செய்யாமல் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதாக இருந்தால் விலைப்பட்டியலில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: கட்டணம் புள்ளிக் கணக்கிலா பரப்புக் கணக்கிலா, கரைப்பானுக்குப் பின் அலசி உறிஞ்சுவது அடக்கமா, ஒரு மாதம் கழித்து அதே இடம் கறுத்தால் யார் செலவு. புள்ளிக் கணக்கு மலிவாகத் தோன்றும். அலசல் அதில் இல்லையென்றால் மாதக் கடைசியில் முழுக் கம்பளத்துக்கும் ஷாம்பூ போட இன்னொரு விலைப்பட்டியல் வரும்.